குரூப் 4 தேர்வில் அதிர்ஷ்டத்தின் பங்கு எவ்வளவு? அதை உழைப்பால் சுருக்கும் வழி

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் (டிஎன்பிஎஸ்சி) நடத்தும் குரூப் 4 தேர்வின் முடிவு வெளியாகும் ஒவ்வொரு முறையும் இரண்டு பேச்சுகள் தவறாமல் காதில் விழுகின்றன. "அவனுக்கு நேரம் நல்லா இருந்துச்சு, அடிச்சதெல்லாம் விழுந்துடுச்சு" என்பது ஒன்று. "எனக்குக் கொடுப்பினை இல்லை, ஒரே ஒரு கேள்வியில போயிடுச்சு" என்பது மற்றொன்று. இப்படிச் சொல்பவர்களைக் குறை கூற முடியாது. 2024 ஜூன் 9 அன்று நடந்த தேர்வுக்கு முதலில் அறிவிக்கப்பட்ட பணியிடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். 2025 ஜூலை 12 தேர்வுக்கு 3,935 இடங்களே அறிவிக்கப்பட்டன. அதற்கும் 13 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். இத்தனை பேர் ஒரே வினாத்தாளை எழுதும்போது கட்-ஆஃப் எல்லையில், அதாவது வேலை கிடைக்கும் கடைசி மதிப்பெண்ணின் அருகில், ஒரே ஒரு கேள்விக்கான ஒன்றரை மதிப்பெண் என்பது பல நூறு பேரை முன்னும் பின்னும் தள்ளிவிடும். அந்த எல்லையில் நிற்பவருக்கு எல்லாமே அதிர்ஷ்டமாகத்தான் தோன்றும்.

ஆனால் அந்த எல்லையில் போய் நிற்க வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. இந்தத் தேர்வில் அதிர்ஷ்டத்தின் பங்கு எவ்வளவு என்பதை எண்களால் அளந்துவிடலாம். அளந்த பிறகு, அந்தப் பங்கை எந்த உழைப்பு குறைக்கிறது, எந்த உழைப்பு வெறும் களைப்பை மட்டும் தருகிறது என்பதும் தெளிவாகும். கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர், தட்டச்சர் போன்ற பணிகளைக் குறிவைத்து முதல்முறை படிக்கத் தொடங்குபவர்களையும், ஒரு முறை நூலிழையில் தவறவிட்டு மீண்டும் தொடங்குபவர்களையும் மனத்தில் கொண்டு இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது.

முதலில் கணக்கு

தேர்வு 200 கேள்விகள், 300 மதிப்பெண்கள், மூன்று மணி நேரம். முதல் 100 கேள்விகள் தமிழ்த் தகுதித் தேர்வு. அடுத்த 100இல் 75 பொது அறிவு, 25 திறனறிவு. தமிழில் 40 விழுக்காடு, அதாவது 60 மதிப்பெண், எடுக்காவிட்டால் மற்ற பகுதி திருத்தப்படவே மாட்டாது. மொத்தத்தில் குறைந்தது 90 மதிப்பெண் வேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பது இல்லை.

எதுவுமே படிக்காத ஒருவர் எல்லாக் கேள்விகளுக்கும் குருட்டாம்போக்கில் விடை குறிப்பதாக வைத்துக்கொள்வோம். நான்கு விடைகளில் ஒன்று சரி என்பதால் சராசரியாக 50 கேள்விகள் சரியாகும்; 75 மதிப்பெண் வரும். தகுதி மதிப்பெண்ணே வரவில்லை. தமிழ்ப் பகுதியில் மட்டும் 40 கேள்விகள் இப்படிச் சரியாக வேண்டுமென்றால், ஆயிரம் பேர் முயன்றால் ஒருவருக்கு அது வாய்த்தாலே பெரிது. வேலை கிடைக்க வேண்டுமானால் தகுதி மதிப்பெண்ணைத் தாண்டி மிக உயரத்துக்குப் போக வேண்டும். அதிர்ஷ்டத்தை மட்டும் நம்பி இந்த அறைக்குள் நுழைபவருக்கு வாசல்கூடத் திறக்காது.

இனி ஓரளவு படித்தவரின் நிலையைப் பார்ப்போம். 120 கேள்விகளுக்கு உறுதியாக விடை தெரிந்த ஒருவர் மீதமுள்ள 80ஐ ஊகித்து அடிக்கிறார். சராசரியாக 20 சரியாகும். நல்ல நேரமாக இருந்தால் 28 வரை போகலாம், கெட்ட நேரமாக இருந்தால் 12இல் நிற்கலாம். இந்த வரம்பைத் தாண்டுவது அபூர்வம். ஆகவே அவருடைய மொத்தம் 132க்கும் 148க்கும் இடையில் எங்கோ விழும். 160 கேள்விகளுக்கு உறுதியாக விடை தெரிந்தவர் மீதி 40ஐ ஊகித்தால் அவருடைய மொத்தம் பெரும்பாலும் 165இலிருந்து 175க்குள் இருக்கும். இரண்டாமவருக்கு அன்றைய நாள் எவ்வளவு மோசமாக அமைந்தாலும், முதலாமவருக்கு வாய்க்கக்கூடிய மிக நல்ல நாளைவிட அவர் மேலேயே நிற்கிறார். அதிர்ஷ்டத்தால் ஏறவோ இறங்கவோ கூடியது ஏறக்குறைய எட்டுக் கேள்விகள். படிப்பால் ஏறக்கூடியதோ நாற்பது, ஐம்பது, நூறு கேள்விகள். இந்த ஒரு கணக்கை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்துக்கொள்ளுமாறு நான் எல்லாத் தேர்வர்களிடமும் சொல்வேன்.

இந்தக் கணக்குக்குள் இன்னொரு செய்தியும் இருக்கிறது. அரைகுறையாகத் தெரிந்ததும் வீணாவதில்லை. நான்கு விடைகளில் இரண்டை "இது நிச்சயம் இல்லை" என்று விலக்க முடிந்தால், மீதி நாற்பது கேள்விகளில் பத்துக்குப் பதில் இருபது சரியாகும். தேர்வறையில் "எப்படியோ சரியாப் போட்டுட்டேன்" என்று ஒருவர் சொல்வதில் பெரும்பகுதி, எப்போதோ படித்து மறந்துபோன ஒரு வரி இரண்டு தவறான விடைகளை அடையாளம் காட்டியதன் விளைவுதான்.

குறுக்கு வழி தேடுவோருக்கு ஒரு சொல்

பணம் கொடுத்தால் வேலை வாங்கித் தருவதாகச் சொல்பவர்களை நம்பிப் போவதும் அதிர்ஷ்டத்தை நம்புவதில் ஒரு வகைதான்; அதில் நகையும் நிலமும் சேர்ந்து போகின்றன. 2019 செப்டம்பர் 1 அன்று நடந்த குரூப் 4 தேர்வில் இராமேசுவரம், கீழக்கரை மையங்களில் எழுதியவர்கள் தரவரிசையின் உச்சியில் குவிந்திருந்ததால் சந்தேகம் எழுந்தது. சிறிது நேரத்தில் மறைந்துவிடும் மையில் விடை குறித்துவிட்டுப் பிறகு இடைத்தரகர்கள் மூலம் விடைத்தாளில் திருத்தம் செய்தது விசாரணையில் வெளிவந்தது. 2020 ஜனவரியில் 99 பேருக்குத் தேர்வாணையம் வாழ்நாள் தடை விதித்தது. அவர்களில் சிலராவது ஒழுங்காகப் படித்திருந்தால் தேறியிருப்பார்கள் என்று நினைக்கும்போது வருத்தமாக இருக்கிறது. உங்கள் வீட்டில் யாராவது "ஒருத்தர் இருக்கார், அஞ்சு லட்சம் கேட்கிறார்" என்று பேச்செடுத்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள்.

"இந்த முறை கட்டாயம் வரும் 100 கேள்விகள்" என்ற தலைப்பில் வரும் காணொளிகளும் இதே ஆசையின் சிறிய வடிவம். அவற்றைப் பார்ப்பது குற்றமில்லை. ஆனால் பாடநூலைப் படித்து முடிக்காமல் அவற்றை மட்டும் பார்ப்பவர், வினாத்தாள் தயாரிப்பவரின் மனத்தை வேறொருவர் படித்துச் சொல்வார் என்று எதிர்பார்க்கிறார்.

எதைப் படிப்பது

வினாத்தாளின் தரம் பத்தாம் வகுப்பு. ஆகவே ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான சமச்சீர்ப் பாடநூல்களே அடித்தளம். தமிழுக்கும் அரசியல் அமைப்புக்கும் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு நூல்களும் உதவும். அவை அனைத்தும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, பழைய புத்தகக் கடைகளிலும் மலிவாகக் கிடைக்கும். பாடத்திட்டத்தைத் தேர்வாணையம் அவ்வப்போது மாற்றுவதால், புதிய அறிவிக்கையுடன் வரும் பாடத்திட்டத்தையே அச்செடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். தெரிந்தவர் போன முறை வைத்திருந்த தாளை நம்பக் கூடாது.

அச்செடுத்த தாளில் ஒவ்வோர் அலகுக்கும் எத்தனை கேள்விகள் என்று பாருங்கள். இப்போதைய பாடத்திட்டத்தில் தமிழ் இலக்கணத்துக்கு மட்டும் 25, திறனறிவுக்கு 25. இந்த இரண்டும் சேர்ந்தால் 50 கேள்விகள். மொத்தத் தாளில் கால் பங்கு. மனப்பாடத்தால் வருவதைவிட விதியைப் புரிந்துகொண்டு பயிற்சி செய்வதால் வருவதே இவ்விரண்டிலும் அதிகம். விதியைப் பிடித்தவருக்குக் கேள்வி எந்த உருவில் வந்தாலும் விடை தெரியும். எனவே உழைப்புக்கு மிக நிச்சயமான கூலி கிடைக்கும் இடம் இதுதான் என்பது என் கணிப்பு. நடப்பு நிகழ்வுகளில் எந்தச் செய்தியைக் கேட்பார்கள் என்பதை எவராலும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. அதற்கு ஒரு நாளைக்கு இருபது நிமிடம் நாளிதழ் வாசிப்பது போதும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கணக்கைக் கண்டு பயந்து அதைத் தள்ளிப்போட்டுவிட்டு, நடப்பு நிகழ்வுகளில் மணிக்கணக்காக மூழ்கிவிடுகிறார்கள்.

கணக்குப் பயம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம்: 8,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 5 விழுக்காடு வீதம் 2 ஆண்டுகளில் கிடைக்கும் கூட்டு வட்டிக்கும் தனிவட்டிக்கும் உள்ள வித்தியாசம் என்ன? இதற்கு ஒரு சூத்திரம் உண்டு. கோச்சிங் சென்டரில் அதைக் கரும்பலகையில் எழுதிப் போடுவார்கள், எல்லோரும் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். சூத்திரத்தை ஒதுக்கிவிட்டு என்ன நடக்கிறது என்று பாருங்கள். முதல் ஆண்டு வட்டி 400 ரூபாய், இரண்டு முறையிலும் அது ஒன்றே. இரண்டாம் ஆண்டில் கூட்டு வட்டிக்காரர் அந்த 400 ரூபாய்க்கும் 5 விழுக்காடு வட்டி பெறுகிறார், அது 20 ரூபாய். வித்தியாசம் 20, கேள்வி முடிந்தது. இப்போது அதே கேள்வியை 3 ஆண்டுகளுக்குக் கேட்டால், 2 ஆண்டுச் சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர் அங்கேயே நின்றுவிடுவார். புரிந்துகொண்டவர் ஒரு படி மேலே போவார்: மூன்றாம் ஆண்டுத் தொடக்கத்தில் சேர்ந்திருக்கும் வட்டி 400, 400, 20, ஆக 820, அதற்கு 5 விழுக்காடு 41, முந்தைய 20உடன் கூட்டினால் 61. பத்தாம் வகுப்போடு கணக்கை விட்டவர்கள்கூட இப்படி ஒரு நாளைக்கு ஐந்து கணக்குகளைப் பொறுமையாகப் பிரித்துப் பார்த்தால் ஆறு மாதத்தில் 25க்கு 20ஐத் தாண்டிவிட முடியும். "கணக்கு மூளை இல்லை" என்பதும் அதிர்ஷ்டத்தின் மேல் பழி போடும் ஒரு பேச்சுதான்.

நேரம் எங்கிருந்து வரும்

எல்லோருக்கும் ஒரே அளவு நேரம் இல்லை என்பதை மறைக்க நான் விரும்பவில்லை. வேலைக்குப் போகாமல் சென்னையில் அறை எடுத்துப் படிக்கும் ஒருவரும், காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை ஜவுளிக்கடையில் நின்று வேலை பார்க்கும் ஒருவரும், கைக்குழந்தையை வைத்துக்கொண்டு படிக்கும் ஒரு தாயும் ஒரே இடத்திலிருந்து புறப்படுவதில்லை. பிறந்த வீடும் கிடைத்த பள்ளியும் நாம் தேர்ந்தெடுத்தவை அல்ல. அந்த வகையில் அதிர்ஷ்டம் என்பது உண்மையாகவே இருக்கிறது; அது தேர்வறைக்கு வெளியே, தேர்வுக்குப் பல ஆண்டுகள் முன்பே தன் வேலையைச் செய்துவிடுகிறது. ஆகவே நேரம் குறைவாக உள்ளவர், அடுத்தவர் பத்து மணி நேரம் படிப்பதாகச் சொல்வதைக் கேட்டு மனம் தளர வேண்டாம். கிடைக்கும் நேரத்தை எந்த வேலைக்குக் கொடுப்பது என்பதில் கண்டிப்பாக இருந்தால் போதும்.

நாள் ஒன்றுக்கு இரண்டரை மணி நேரம் உறுதியாகக் கிடைக்கும் என்றால் அதை இப்படிப் பிரிக்கலாம். விடியற்காலையில் ஒன்றரை மணி நேரம் புதிய பாடம். அதில் பாதியாவது இலக்கணமோ கணக்கோ. இரவு அரை மணி நேரம் பழைய பாடத்தை நினைவிலிருந்து எடுத்துப் பார்ப்பது. மீதி அரை மணியைப் பேருந்திலும் மதிய இடைவேளையிலும் துண்டு துண்டாகக் கழிக்கும் ஒருவரி வினாக்களுக்கு வைத்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று மணி நேரம் மாதிரித் தேர்வுக்கென்று ஒதுக்கப்பட்டது. அதில் கல்யாணமோ காதுகுத்தோ குறுக்கிட்டால் வேறொரு நாளுக்கு மாற்றலாம், விட்டுவிடக் கூடாது. வீட்டில் அமைதி இல்லாதவர்கள் மாவட்ட மைய நூலகங்களைப் பயன்படுத்தலாம். கோட்டூர்புரத்தில் உள்ள அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகங்களைக் கொண்டுபோய்ப் படிப்பதற்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களின் தன்னார்வப் பயிலும் வட்டங்களில் இலவச வகுப்புகள் நடக்கின்றன. பெருந்தொகை கட்டிச் சேரும் பயிற்சி மையம் கட்டாயம் இல்லை. அங்கே போகிறவர்களும் கடைசியில் படிக்க வேண்டியது இதே சமச்சீர்ப் பாடநூலைத்தான்.

எப்படிப் படிப்பது

கடின உழைப்பு என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது ஒரே புத்தகத்தை நான்கு முறை வாசிப்பதும், முக்கியமான வரிகளை நான்கு நிறங்களில் கோடிடுவதும்தான். அதில் களைப்பு நிறைய உண்டு, பயன் குறைவு. திரும்பத் திரும்ப வாசிக்கும்போது வரி கண்ணுக்குப் பழகிப்போகிறது. பழகியதைத் தெரிந்ததாக மனம் எண்ணிக்கொள்கிறது. தேர்வறையில் கேள்வி வேறு சொற்களில் வரும்போதுதான் அது தெரியவில்லை என்பது புலப்படுகிறது.

ஒரு பாடத்தை ஒரு முறை கவனமாக வாசித்ததும் புத்தகத்தை மூடுங்கள். ஒரு வெள்ளைத் தாளில் நினைவில் நிற்பதை எல்லாம் எழுதுங்கள். பிறகு புத்தகத்தைத் திறந்து விட்டுப்போனவற்றை மட்டும் வேறு மையில் சேருங்கள். மறுநாள் அந்தத் தாளைப் பார்க்காமல் மீண்டும் எழுதிப் பார்க்க வேண்டும். ஒரு வாரம் கழித்து ஒரு முறை, ஒரு மாதம் கழித்து மறுபடி ஒரு முறை. ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹாஸ் தம்மையே சோதனைப் பொருளாக வைத்து மறதியை அளந்து 1885இல் வெளியிட்ட முடிவுகளிலேயே, கற்றது தொடக்கத்தில் மிக வேகமாக மறந்துபோகிறது என்பதும், இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் நன்றாக நிற்கிறது என்பதும் தெளிவாகிவிட்டன. மூடிய புத்தகத்தின் முன் உட்கார்ந்து நினைவைத் துழாவும் அந்தப் பத்து நிமிடம் கசப்பானது. உழைப்பு என்று நான் சொல்வது அந்தப் பத்து நிமிடத்தைத்தான்.

அடுத்தது பிழை நோட்டு. இதை வைத்திருப்பவரையும் வைத்திராதவரையும் மூன்று மாதத்தில் வேறுபடுத்திப் பார்த்துவிடலாம். மாதிரித் தேர்வில் தவறான ஒவ்வொரு கேள்விக்கும் சரியான விடையை மட்டும் எழுதினால் போதாது. ஏன் தவறியது என்பதையும் எழுத வேண்டும். ஒரு பதிவு எப்படி இருக்க வேண்டும் என்று காட்டுகிறேன். கேள்வி, 'அலைகடல்' என்பதன் இலக்கணக் குறிப்பு. தேர்வர் குறித்த விடை உவமைத்தொகை. சரியான விடை வினைத்தொகை. நோட்டில் அவர் எழுத வேண்டியது இவ்வளவு: "அலை என்பதை இங்கே பெயர்ச்சொல்லாக எடுத்துக்கொண்டேன். அது வினையின் பகுதி. அலைந்த கடல், அலைகின்ற கடல், அலையும் கடல் என்று முக்காலத்துக்கும் விரிகிறது, எனவே வினைத்தொகை. ஊறுகாய், சுடுசோறு இதே வகை. மலர்க்கை என்றால் மலர் போன்ற கை என்று விரியும், அது உவமைத்தொகை. கைமலர் என்று மாறினால் உருவகம்." இந்த ஐந்து வரியை எழுத மூன்று நிமிடம் ஆகும். ஆனால் இதன் பிறகு தொகை பற்றிய எந்தக் கேள்வி வந்தாலும் 'காலம் மூன்றுக்கும் விரிகிறதா' என்று சோதித்துப் பார்க்கும் பழக்கம் கைக்கு வந்துவிடுகிறது.

சரியாகப் போட்ட கேள்விகளிலும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. மாதிரித் தேர்வு எழுதும்போதே, உறுதியாகத் தெரிந்த கேள்விக்கு ஒரு குறி, இரண்டு விடைகளுக்குள் தடுமாறி அடித்ததற்கு ஒரு குறி, முழு ஊகத்துக்கு ஒரு குறி என்று வினாத்தாளின் ஓரத்தில் இட்டுவையுங்கள். மதிப்பெண்ணைக் கூட்டும்போது மொத்தத்தைப் பார்க்காமல், உறுதியாகத் தெரிந்து சரியானவை எத்தனை என்பதை மட்டும் தனியே எழுதுங்கள். மொத்தம் 150 வந்த மகிழ்ச்சியில் இருக்கும் ஒருவருக்கு உறுதியானவை 118 மட்டும் என்று தெரிய வந்தால், அடுத்த வாரம் என்ன செய்ய வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். வாரா வாரம் ஏற வேண்டியது அந்த இரண்டாவது எண்ணே. முதல் எண் அதிர்ஷ்டத்தோடு சேர்ந்து ஏறும், இறங்கும்; அதைக் கண்டு பூரிக்கவும் வேண்டாம், சோரவும் வேண்டாம்.

மாதிரித் தேர்வைத் தேர்வறை போலவே எழுத வேண்டும். தேர்வாணையம் தன் இணையதளத்தில் பழைய வினாத்தாள்களை வெளியிட்டிருக்கிறது. வேறு எதையும் விட அவற்றுக்கே முதலிடம். 200 கேள்விகளுக்கு 180 நிமிடம் என்றால் ஒரு கேள்விக்கு 54 நொடி. ஒரு வட்டத்தை நிரப்ப ஐந்து நொடி ஆனாலும் நிரப்புவதற்கு மட்டும் ஏறக்குறைய 17 நிமிடம் போய்விடும். கைப்பேசியில் விரலால் தொட்டு விடையளித்துப் பழகியவர்கள் ஓஎம்ஆர் தாளில் ஷேட் செய்யும்போது திணறுவதற்கு இதுவே காரணம். தாளை நகலெடுத்து, கருப்பு மை பந்துமுனைப் பேனாவால், காலை 9.30 மணிக்குத் தொடங்கி 12.30 மணிக்கு முடித்துப் பழக வேண்டும்.

தேர்வறையில்

ராசியான பேனா, ராசியான சட்டை எடுத்துச் செல்வதால் கேடு ஒன்றும் இல்லை. மனத்துக்குத் தெம்பு தருமானால் நல்லதே. குலதெய்வத்தைக் கும்பிட்டுவிட்டுப் போவதும் அப்படித்தான். ஆனால் நுழைவுச் சீட்டை முந்தைய நாளே அச்செடுத்து வைப்பது, மையம் இருக்கும் இடத்தை முன்கூட்டியே போய்ப் பார்த்துவிடுவது, அறிவிக்கப்பட்ட நேரத்துக்குள் வாசலைக் கடந்துவிடுவது ஆகியவற்றை வேறு எவரும் நமக்காகச் செய்யப்போவதில்லை. ஓரிரு நிமிடம் தாமதமாகி வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு அழும் தேர்வர்களின் படம் ஒவ்வொரு முறையும் நாளிதழில் வருகிறது. ஓராண்டு உழைப்பை ஒரு பேருந்தின் கையில் ஒப்படைக்க வேண்டாம்.

உறுதியாகத் தெரிந்தவற்றை முதல் சுற்றில் முடித்துவிடுங்கள். தமிழ்ப் பகுதியில் பழக்கம் இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் முடிக்க முடியும். அப்படி முடித்தால் திறனறிவுக் கணக்குகளுக்கு நிதானமாக நேரம் கிடைக்கும். தடுமாறும் கேள்விகளில் நிச்சயமாகச் சரியில்லாத விடைகளை மனத்துக்குள் அடித்துவிட்டு மீதியில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றுமே தெரியாத கேள்விகளுக்கு 'சி' போட்டால் அதிகம் விழும் என்று சொல்வார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே எழுத்தைப் போட்டாலும் மாற்றி மாற்றிப் போட்டாலும் சராசரி நான்கில் ஒன்றுதான். விடைத்தாளில் ஐந்தாவதாக 'விடை தெரியவில்லை' என்ற வட்டமும் உண்டு. எந்தக் கேள்வியையும் வெறுமனே விடக் கூடாது. ஒவ்வோர் எழுத்திலும் எத்தனை வட்டங்கள் நிரப்பினோம் என்று எண்ணி உரிய கட்டங்களில் எழுதும் வேலையும் இருக்கலாம். அதில் பிழை நேராமல் இருக்க, விடைத்தாளில் அச்சிட்டிருக்கும் அறிவுரையைத் தொடங்கும் முன்பே முழுமையாக வாசித்துவிடுவது நல்லது. அப்படி எழுத வேண்டியிருந்தால், கூட்டுத்தொகை 200 வருகிறதா என்று சரிபார்க்கக் கடைசியில் சில நிமிடங்களை வைத்துக்கொள்ளுங்கள்.

முடிவு வரும் வரை

சில நாள்களில் உத்தேச விடைகள் வெளியாகும். அவற்றில் தவறு இருப்பதாகக் கருதினால், குறித்த நாள்களுக்குள் பாடநூல் ஆதாரத்தோடு இணையவழியில் முறையிடலாம். பாடநூலை வரி வரியாகப் படித்தவர்களுக்கே இந்த உரிமையால் பயன் உண்டு. எந்த வகுப்பு, எந்தப் பக்கம் என்று அவர்களால்தான் காட்ட முடியும்.

அதன் பிறகு காத்திருப்பு நீளும். 2022 ஜூலையில் எழுதியவர்களுக்கு 2023 மார்ச்சில்தான் முடிவு வந்தது. இந்த இடைவெளியில்தான் மிகப் பலர் படிப்பை நிறுத்திவிட்டு, கட்-ஆஃப் எவ்வளவு வரும் என்ற ஊகக் காணொளிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நன்றாக எழுதியவர்களில் பெரும்பாலோருக்கும் இடம் கிடைக்காது என்பது பணியிட எண்ணிக்கையைப் பார்த்தாலே தெரியும். உழைத்தால் இந்த முறையே கிடைத்துவிடும் என்று உறுதி சொல்வது நேர்மையாகாது. உழைப்பு கூடக் கூட, கிடைக்கும் வாய்ப்பு ஒவ்வொரு முறையும் கூடுகிறது என்று மட்டும் சொல்லலாம். அதனால் வருமானத்துக்கு வேறு ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டு தொடர்வதே குடும்பத்துக்கும் மனத்துக்கும் நல்லது.

காத்திருக்கும் மாதங்களில் செய்ய வேண்டிய முதல் வேலை, எழுதிய தேர்வின் தவறுகளையும் பிழை நோட்டில் ஏற்றுவது. பட்டம் பெற்றவர்கள் குரூப் 2ஏ பாடத்திட்டத்தை எடுத்துப் பார்க்கலாம். பொது அறிவுப் பகுதியில் படித்தது பெருமளவு அங்கும் உதவும். தட்டச்சுத் தெரியாதவர்கள் பக்கத்து ஊர்த் தட்டச்சுப் பயிலகத்தில் சேர்ந்துவிட வேண்டும் என்று அழுத்தமாகச் சொல்வேன். தட்டச்சர் பணிக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அரசு தொழில்நுட்பத் தேர்வில் தேறியிருப்பது தேவை. அந்தச் சான்றிதழ் இல்லாத பல லட்சம் பேர் அந்தப் பணியிடங்களுக்குப் போட்டியிடவே முடியாது. எனவே அங்கே கட்-ஆஃப் பொதுவாகக் குறைவாகவே இருந்துவருகிறது. பயிலகங்களில் காலை ஆறு மணிக்கே வகுப்பு உண்டு. அடுத்த அரசு தொழில்நுட்பத் தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் எது என்று சேரும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.